இடப்பக்க இருக்கையின் சூடு

என்னுடைய காருக்குள் எஞ்சின் சூடு ஏறும் என்பது அதை வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும். விற்றவரே சொன்னார். அவர் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்தவர். குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

"ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் உப்பிடித்தான். ஓடிக்கொண்டிருக்கேக்க ஒண்டும் தெரியாது. டிராபிக்கில நிண்டால் கால் வேகும்," என்றார்.

வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தி வைத்திருந்த காலம் அது. ஓடித் தேய்ந்த வாகனங்களுக்குக்கூட ஆட்கள் போட்டிபோட்டார்கள். ஆனால் இரண்டே இருக்கைகளும் துணிக்கூரையும் கொண்ட, முப்பது வயதான கரும்பச்சைக் காரை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கட்டட நிறுவனமொன்றில் வரைபடங்கள் வரைகிற வேலை. அதுவரை சொந்தமாக எந்த வாகனமும் வைத்திருந்ததில்லை.

வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதையில் போய் முடிகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அம்மா இறந்த பிறகு அப்பாவும் மகள் நானும்தான். அப்பா துறைமுகத்தில் பதிவேடு எழுதுகிற லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே நின்று, யன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை? கார் எண்டு வாங்கினால் நாலு பேர் ஏறவேணும்."

"வீட்டில ரெண்டு பேர்தானே அப்பா இருக்கிறம்."

அவர் இரண்டு வாரம் காரில் ஏறவில்லை. மூன்றாவது சனிக்கிழமை, அழுத்திய சேர்ட் போட்டுக்கொண்டு எனக்கு முன்பே கீழே இறங்கிப் போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

அவர் போக விரும்பிய இடம் கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் அவருக்குப் பக்கத்து மேசையில் முப்பது வருடம் இருந்தவர் அங்கே ஒரு மாடிக்குடியிருப்பில் வசிக்கிறார். ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வீட்டு பல்கனியில் கேரம் விளையாடுவது இருவருக்கும் வழக்கமாக இருந்தது. கண் மங்கியதும் அப்பாவால் பஸ்ஸில் போக முடியாமல் போயிற்று. முச்சக்கர வண்டி இடுப்பைக் குலுக்குகிறது என்றார். எட்டு மாதமாக அந்தப் பக்கம் போகவில்லை.

காரின் இருக்கை மிகவும் தாழ்வானது. அப்பா முதலில் பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைப்பார். எடுத்து வைப்பதற்கு முன் செருப்பைக் கழற்றி, ஒரு பையில் போட்டு இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்.

"செருப்போட இருங்கோவன் அப்பா."

"வாகனத்துக்குள்ள மண் கொண்டு வரக்கூடாது."

வெறுங்காலை முன்னால் நீட்டி, தரையில் பதித்துக்கொள்வார். கொட்டாஞ்சேனையில் நண்பர் மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கை காட்டுவார். அப்பா இறங்கி நின்று சேர்ட்டை இழுத்துவிடுவார். அதற்காகவே அவர் இந்தக் காரில் வருகிறார் என்று நான் நினைத்ததுண்டு.

சூட்டைப் பற்றிச் சொல்வதானால், எனக்கு அது இடது காலில்தான் தெரிந்தது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், கியர் பெட்டியை மூடிக்கொண்டு ஒரு மேடு போகும். அதில் கால் பட்டால் சுடும். கியர்த் தடியைச் சுற்றிப் போட்டிருந்த தோலுறை கிழிந்திருந்ததால் அதன் வழியாகவும் சூட்டுக்காற்று வந்து முழங்கையில் படும். நான் எப்போதும் சப்பாத்துடன்தான் ஓட்டினேன். முழங்காலைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுக்கி வைக்கப் பழகிக்கொண்டேன். அந்தச் சூட்டைக் காரின் சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் இடப்பக்கத்தில் சூடு இல்லை என்றே நினைத்துவிட்டேன். ஒரு தடவை குனிந்து கையை வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அப்படி ஏழெட்டுச் சனிக்கிழமைகள் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை ஏதோ ஊர்வலத்துக்காகக் கோட்டைப் பக்கம் வீதிகளை மூடியிருந்தார்கள். புறக்கோட்டைக்குள் எல்லா வாகனங்களும் ஒன்றோடொன்று இறுகிக்கொண்டு நின்றன. நாற்பது நிமிடப் பயணம் அன்று ஒன்றேமுக்கால் மணித்தியாலம் எடுத்தது. வெயிலுக்காகத் துணிக்கூரையை மூடியிருந்தோம். யன்னல்கள் திறந்திருந்தன. பக்கத்தில் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் எங்களைக் குனிந்து பார்த்து, "மேகே ஏசி நெத்த மிஸ்?" என்று சிங்களத்தில் கேட்டார், இதில் ஏசி இல்லையா என்று. இல்லை என்றேன். பாவம் என்பது போலத் தலையாட்டினார். என் முதுகு நனைந்து இருக்கையோடு ஒட்டியிருந்தது. றப்பர் காய்கிற மாதிரி ஒரு மணம் வந்தது. முன்னால் நின்ற லொறியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். அப்பா கால்களை நீட்டி வைத்துக்கொண்டு கடைப் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் நண்பரிடம் மூன்று ஆட்டம் தோற்றார். மாலையில் வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு அறைக்குப் போனார். அவர் நடந்துபோன டைல்ஸ் தரையில் வலது கால் ஈரம் கொஞ்ச நேரத்தில் காய்ந்தது. இடது கால் பதிந்த இடங்கள் காயவில்லை. குனிந்து தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் போல இல்லை. பிசுபிசுத்தது.

"அப்பா, காலைக் காட்டுங்கோ."

"என்னத்துக்கு?"

"காட்டுங்கோ."

கட்டிலில் இருந்தபடி காலைத் தூக்கிக் காட்டினார். குதிக்காலிலிருந்து வெளி ஓரமாகத் தோல் வெளுத்து எழும்பியிருந்தது. பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயக் குத்தி அளவில் ஒரு கொப்புளம். குதிக்காலில் இருந்தது பெரியது, அது உடைந்துவிட்டிருந்தது.

"நொந்ததோ?"

"இல்லை."

"இப்ப நோகுதோ?"

"இல்லை எண்டுறன்."

அவருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. மருந்து ஒழுங்காகப் போடுகிறவர். மாதாமாதம் இரத்தம் சோதித்து, முடிவை ஒரு கோப்பில் போட்டு வைக்கிறவர். அந்தக் கோப்பில் பாதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் இருவரும் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

இரவு சுத்தமான துணியால் சுற்றிவிட்டேன். ஞாயிறு காலை காலி வீதியில் இருக்கிற ஒரு மருத்துவரிடம் முச்சக்கர வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். என்னிலும் இளையவர், பொறுமையான பெண். புண்ணைத் துடைத்து மருந்து வைத்த பிறகு, மேசையிலிருந்து நைலோன் நூல் போல ஒன்று பொருத்திய பேனாவை எடுத்தார்.

"ஐயா, கண்ணை மூடிக்கொள்ளுங்கோ. நான் காலில தொடேக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்கோ."

அப்பா கண்ணை மூடினார். மருத்துவர் வலது பாதத்தில் தொட்டார். அப்பா பேசாமலிருந்தார். விரல்களில், நடுப்பாதத்தில், குதியில் என்று மாறி மாறித் தொட்டார். ஒன்றும் இல்லை. பிறகு மருத்துவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அப்போது அப்பா "ஓம்" என்றார். சற்று நேரம் கழித்து மறுபடியும் "ஓம்" என்றார். இரண்டு தடவையும் அந்த நூல் காலில் படவே இல்லை.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எவ்வளவு காலமா இப்பிடி விறைச்சிருக்கு ஐயா?"

அப்பா கண்ணைத் திறந்தார். "ரெண்டு வருசம் இருக்கும்," என்றார்.

"சூடு எதால பட்டது?"

"கார்."

"காருக்குள்ளயோ?"

நான்தான் விளக்கினேன். சொல்லச் சொல்ல, அது என் வாயாலேயே ஒரு குற்றப்பத்திரிகை போல வந்துகொண்டிருந்தது. மருத்துவர் குறுக்கிடாமல் எழுதினார். இனிமேல் வீட்டுக்குள்ளும் செருப்பு, வெளியே போனால் அகலமான சப்பாத்தும் காலுறையும், ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும் என்றார். புண் ஆறும் வரை இரண்டு நாளுக்கொருமுறை மருந்து கட்ட வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"ரெண்டு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ என்ன செய்வாய்? சுடுதண்ணி தொடாதை, அடுப்படிக்குப் போகாதை, தனிய வெளிய போகாதை எண்டு சட்டம் போடுவாய்."

அப்படித்தான் செய்திருப்பேன்.

அவர் பாதித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "காரை விக்கப்போறியோ?" என்று கேட்டார்.

"யோசிக்கிறன்."

"விக்கிறதெண்டாலும் முதல் உந்தச் சூட்டைத் திருத்திப்போட்டு வில். வாங்கிறவன்ர காலும் கால்தானே."

பின்னேரம் கீழே போய்க் காரைத் திறந்தேன். இடப்பக்கத் தரையில், மழைக்கென்று அவர் காரிலேயே விட்டிருந்த பழைய றப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. அதன் ஒரு ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. புறக்கோட்டையில் வந்த மணம் எதிலிருந்து என்று அப்போதுதான் விளங்கிற்று.

எனக்குச் சூட்டைப் பற்றித் தெரியும் என்று ஒரு எண்ணம் இருந்தது. வேலையில் கூரைகளுக்கு வெள்ளி நிறத் தாள் போடுவதை நான் எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன். ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் பஞ்சு போல இருக்கும் தாள். அலுவலகத்தில் மிஞ்சிய துண்டொன்றைக் கொண்டுவந்து, இடப்பக்கக் கார்ப்பெட்டைக் கிளப்பி, தரைத் தகட்டில் பசை போட்டு இறுக ஒட்டினேன். மேலே தடித்த றப்பர் விரிப்பும் போட்டேன். ஒரு முழு விடுமுறை நாள் அதற்குப் போயிற்று. அடுத்த நாள் அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் பசை உருகிய மணம் தலையிடியைக் கொண்டுவந்தது. கொரோனாக் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்க்கிற வெப்பமானி ஒன்று அலுவலக வாசலில் இன்னும் கிடந்தது. அதைக் கொண்டுவந்து இடப்பக்கத் தரைக்கு நேரே பிடித்தேன். இலக்கம் காட்டவில்லை. அது காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்று சிவப்பு வெளிச்சம் மட்டும் விட்டு விட்டு எரிந்தது.

பாமன்கடையில் வழக்கமாக எண்ணெய் மாற்றுகிறவரிடம் கேட்டேன். பழைய கார் அப்படித்தான், ஏசி போட்டால் சரி என்றார். குளிர்ந்த காற்று முகத்துக்குத்தானே வரும், தரைக்கு என்ன செய்யும் என்று கேட்டேன். தரையில் யார் முகத்தை வைக்கப்போகிறார்கள் என்று கேட்டார். அவரிடம் அப்பாவின் காலைப் பற்றிச் சொல்லவில்லை.

கடைசியில் வழி காட்டியது அப்பாவின் நண்பர். தொலைபேசியில் அழைத்தார்.

"எங்க பிளட்டுக்குப் பின்னாலயே சைலன்சர் வேலை செய்யிற ஒருத்தர் இருக்கிறாரு. மலைநாட்டு ஆள். அவர்கிட்டக் காட்டுங்க. அதுவரைக்கும் உங்கப்பாவ நான் போன்ல விளையாட வைக்கிறேன்," என்றார். தொலைபேசியில் எப்படிக் கேரம் விளையாடுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கராஜ் ஒரு சந்துக்குள், தகரக் கூரையின் கீழ் இருந்தது. நடுவில் ஒரு குழி, சுவரில் வரிசையாகத் தொங்கும் புகைக்குழாய்கள். நடத்துகிறவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், இலை உலர்த்துகிற அடுப்புகளைப் பழுதுபார்க்கிறவராக இருந்துவிட்டுக் கொழும்புக்கு வந்தவர். நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே காரைக் குழிக்கு மேலே எடுக்கச் சொன்னார். கீழே இறங்கிய பிறகு அவர் குரல் மட்டும் வந்தது.

"மிஸ், இந்தக் குழாய் நேரா இடப்பக்க சீட்டுக்குக் கீழ போகுதுங்க. குழாய்க்கும் தரைக்கும் நடுவுல ஒரு தகரம் இருந்திருக்கணும். ஆணி நாலும் இருக்கு, தகரத்தக் காணோம்."

"எங்க போயிருக்கும்?"

"துருப்புடிச்சு ஆடிச் சத்தம் போட்டிருக்கும். யாரோ கழட்டி வீசிட்டாங்க. சத்தம் போனா வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கிறவங்கதான் நெறையப் பேரு."

மேலே வந்து, ஒரு தடித்த மெழுகுதிரியைச் சிறு துண்டுகளாக வெட்டினார். கார்ப்பெட்டை எடுத்துவிட்டு அந்தத் துண்டுகளை இடப்பக்கத் தரையில் வரிசையாக வைக்கப் போனவர் என்னுடைய வெள்ளித் தாளைக் கண்டார்.

"இது யாரு ஒட்டுனது?"

"நான்தான்."

கொஞ்ச நேரம் பார்த்தார். "இது கூரைக்குப் போடுறதுங்களே. கூரையில இதுக்கும் தகட்டுக்கும் நடுவுல இடம் விடுவாங்கல்ல?"

விடுவார்கள். அந்த இடைவெளியை எத்தனை அங்குலம் என்று குறித்துக் கொடுப்பதே நான்தான். காரில் மட்டும் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அவர் சுரண்டியால் தாளை உரித்தெடுக்க, நான் பக்கத்தில் நின்று துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

மெழுகுத் துண்டுகளை வைத்துவிட்டு, அவர் குந்தியபடி இடப்பக்கத்தில் இருக்க, துறைமுக வீதி வரை ஓட்டிப்போய், அரை மணி நேரம் நெரிசலில் நின்று திரும்பி வந்தோம். ஒன்பது துண்டுகளில் ஆறு உருகித் தகட்டோடு பரவியிருந்தன. மூன்று அப்படியே இருந்தன. உருகிய இடங்களைச் சுற்றிச் சோக்கால் வட்டம் போட்டார். பெரிய வட்டம், அப்பாவின் குதிக்கால் பதிகிற இடத்தில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இங்கதான் அப்பாவோட காலு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஓம்."

அவர் தகரம் வெட்டப் போனார்.

வேலைக்கு மூன்று சனிக்கிழமைகள் எடுத்தன. அலுவலக நாட்களில் எனக்கு வர முடியாது. நான் பக்கத்தில் நில்லாமல் அவர் இந்தக் காரைத் தொட விரும்பவில்லை. முதல் கிழமை, குழாய்க்கு மேலே புதிய தகரம் வளைத்துப் போட்டார். ஒரு விரல் இடைவெளி விட்டு, தரையில் முட்டாமல் நிற்கும்படி சிறு வளையங்களின் மேல் பொருத்தினார். அந்த வளையங்களுக்காகவே அரை நாள் போயிற்று. காற்று அதனூடாக ஓட வேண்டுமாம். மெழுகு வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ஒன்று மட்டும், அதுவும் ஓரத்தில், இளகியது. ஆனால் முன்னாலிருந்து கால்களுக்கு மேலே வருகிற சூட்டுக்காற்று நிற்கவில்லை.

இரண்டாம் கிழமை, பொனட்டுக்குள் ஒரு மின்விளக்கைக் கொளுத்தி வைத்து, காரைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடினார். உள்ளே போய்க் கால் வைக்கிற இடத்தில் தலையைக் குனிந்து பார்க்கச் சொன்னார். எஞ்சினுக்கும் எங்களுக்கும் நடுவிலிருக்கிற தகட்டில் சின்னதும் பெரிதுமாக வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. எப்போதோ கழற்றிய வயர்கள், குழாய்கள் போன வழிகள். றப்பர் மூடிகள் காய்ந்து உதிர்ந்திருந்தன.

"எங்க தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை மாதிரி இருக்குதுங்க," என்றார் வெளியிலிருந்து.

நான் உள்ளே படுத்துக்கொண்டு இடம் சொல்லச் சொல்ல, அவர் எஞ்சின் பக்கமிருந்து ஒவ்வொன்றாக அடைத்தார். கியர்த் தடிக்குப் புதிய உறை போட்டார். பிறகு டாஷ்போர்டுக்குக் கீழே இரண்டு குழாய்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். குளிர் நாட்டுக்காரருக்காகக் காருக்குள் வைத்திருந்த ஹீட்டர் அது. அதன் அடைப்பு பாதி திறந்த நிலையில் இறுகிப்போய், எஞ்சினின் கொதிநீர் இத்தனை காலமும் எங்கள் முழங்காலுக்கு முன்னால் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

"நுவரெலியாவுலயே யாரும் இதப் போடுறதில்ல. வெள்ளவத்தைக்கு எதுக்குங்க?" என்று கேட்டு, அந்தக் குழாய்களை உள்ளே போகவிடாமல் வெளியிலேயே ஒன்றோடொன்று இணைத்துவிட்டார்.

இவையெல்லாம் உடனுக்குடன் வெள்ளவத்தைக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்பாவின் நண்பர் சனிக்கிழமைகளில் மாடியை விட்டு இறங்கி வந்து, கராஜ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, தொலைபேசியில் அப்பாவுக்கு விபரம் சொல்வார். "இப்ப தகரத்த முறுக்குறாரு... இல்ல, நாலு ஆணிதான்... உங்க மக காருக்குள்ள படுத்திருக்கிறா." நான் வீட்டுக்குப் போகும்போது அப்பாவுக்கு என்னிலும் அதிகம் தெரிந்திருக்கும். கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு, மூன்றாவது ஆணிக்கு வாஷர் போட்டதா என்று விசாரிப்பார்.

இரண்டாம் கிழமை வேலை முடிந்து திரும்பும்போது காருக்குள் உண்மையாகவே சூடு குறைந்திருந்தது. இடது முழங்காலை இயல்பாக வைத்திருக்க முடிந்தது. அந்தச் சந்தோசம் ஆமர் வீதிச் சந்தி வரைதான். நெரிசலில் நின்றபோது வெப்ப முள் மெல்ல மேலே ஏறியது. எஞ்சினை நிறுத்தி, ஓரமாகத் தள்ளிவிட்டு அவரை அழைத்தேன். ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி வந்தார். பொனட்டைத் திறந்து ரேடியேட்டர் விசிறியைப் பார்த்தார். அது சுற்றவில்லை.

"என் தப்புதாங்க மிஸ். இந்த விசிறி ரொம்ப நாளாவே சரியா சுத்தியிருக்காது. உள்ள இருந்த ஹீட்டர்தான் சூட்டக் கொஞ்சம் இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. அத நான் கழட்டிவிட்டேன். இத முதல்ல பார்த்திருக்கணும்."

அவர் அப்படித் தன் தவறென்று ஒப்புக்கொண்டது எனக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்த கிழமை விசிறியின் மோட்டாரை மாற்றினார். பழைய கார்ப்பெட்டுக்குக் கீழே, தரையை ஒட்டாமல் மெல்லிய சட்டங்களின் மேல் ஒரு பலகை போட்டு, அதற்குமேல் கம்பளி போன்ற விரிப்பொன்றை விரித்தார். அதோடு வேலை முடிந்தது. நான் காரை விற்கவில்லை. விற்பதைப் பற்றி அப்பா பிறகு கேட்கவுமில்லை.

அவருடைய புண் ஆறுவதற்கு மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தது. நடுவில் ஒருமுறை பழுத்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று அங்கே ஒரு மருத்துவர் சொன்னார். எடுக்க வேண்டி வரவில்லை. அந்த நான்கு நாளும் நான் அலுவலகத்துக்கும் வார்ட்டுக்குமாக அதே காரில்தான் போய் வந்தேன். இடப்பக்க இருக்கையில் அவருடைய உடுப்புப் பையும் சுடுதண்ணிப் போத்தலும் இருந்தன. ஒவ்வொரு சிக்னலிலும் கையை நீட்டி இடப்பக்கத் தரையைத் தொட்டுப் பார்த்தேன். தொட்டுப் பார்ப்பதால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் அந்தப் பழக்கம் பல வாரம் விடவில்லை.

புண் ஆறிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, அப்பா மருத்துவர் சொன்ன அகலமான சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். சப்பாத்தோடு காருக்குள் ஏறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் ஒரு பழைய துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு ஏறினார். ஏறியதும் சேர்ட் பையிலிருந்து ஒரு மெழுகுத் துண்டை எடுத்தார். சாமியறையிலிருந்து கொண்டு வந்திருக்கிறார். குனிந்து, சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாங்கள் எல்லாம் பார்த்தாச்சு அப்பா."

"நான் பார்க்கேல்லையே."

அன்றும் புறக்கோட்டையில் நெரிசல் இருந்தது. கடைப் பெயர்ப்பலகைகளை வாசிக்காமல், கொட்டாஞ்சேனை வரை அவர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கண் மங்கியவர் என்பதால் இடைக்கிடை குனிந்து கிட்டப் போய்ப் பார்த்தார். போய்ச் சேர்ந்ததும் அதை எடுத்து விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி," என்றார்.

நண்பர் வீட்டுக்கு ஏறுவதற்கு முன் கராஜுக்குப் போக வேண்டும் என்றார். அங்கே அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு கதிரையைத் தட்டிப் போட்டார். இருவரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"காலு எப்படிங்க ஐயா?"

"ஆறிட்டுது."

"சுட்டப்ப வலிச்சுதுங்களா?"

"இல்லை. ஒண்டும் தெரியேல்லை."

"அப்ப அது நல்லதில்லீங்க ஐயா."

"ஓம்," என்றார் அப்பா. "நல்லதில்லைதான்."

மருத்துவரிடமும் என்னிடமும் அவர் அந்த அளவுக்கு ஒத்துக்கொண்டதில்லை. பிறகு அவர்கள் தேயிலைத் தொழிற்சாலை அடுப்புகளைப் பற்றிக் கதைத்தார்கள். துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைப் பதிந்தவர் அப்பா. பெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று மணத்திலேயே தெரியும் என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. மேலேயிருந்து நண்பர் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

கார் இப்போதும் என்னிடம் இருக்கிறது. முழுவதும் குளிர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நண்பகலில், கொள்ளுப்பிட்டியில் ஒரு பஸ்ஸின் பின்னால் நின்றால் நடு மேடு இன்னும் கதகதப்பாகும். தகரத்தின் வளையங்களை இறுக்குவதற்கு வருடத்துக்கு ஒரு தடவை அந்தக் கராஜுக்குப் போய் வருகிறேன். வெள்ளித் தாள் ஒட்டிய பசையின் அடையாளம் தரையில் ஒரு மூலையில் இருக்கிறது, அது உரியவில்லை.

அப்பாவின் உள்ளங்காலை ஒவ்வொரு நாளும் பார்ப்பது என் வேலையாயிற்று. தொடக்கத்தில் விடமாட்டேன் என்றார். தானே பார்ப்பேன் என்று ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தார், கண் ஒத்துழைக்கவில்லை. இரண்டு கிழமை இழுபறிக்குப் பிறகு, மாலைச் செய்தி தொடங்கும்போது ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துவிடுவார். நான் கீழே உட்கார்ந்து, விரலிடுக்குகளையும் குதியையும் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பேன். இரண்டு நிமிட வேலை. போன கிழமை ஒருநாள் வலது பாதத்தில், நடுவிரலுக்குக் கீழே, ஒரு சின்னக் கல் பதிந்திருந்தது. எத்தனை மணித்தியாலமாக இருந்ததோ தெரியாது. நகத்தால் கிளப்பி எடுத்து, மருந்து தடவினேன். அப்பா தொலைக்காட்சியில் மழை எங்கே பெய்யும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.